ஹைஃபன் உள்ள டொமைனுக்கு விலை வைப்பது எப்படி

நடுவில் ஹைஃபன் (-) உள்ள டொமைன், அதாவது இணைய முகவரி, ஒன்று ஏலத்தில் மலிவாக வருகிறது. அல்லது பல வருடமாகக் கையில் கிடக்கிறது, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். வாங்குவதா, வைத்திருப்பதா, என்ன விலை சொல்வது? மூன்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அந்த ஹைஃபன் சொல்லோடு கூடப் பிறந்ததா, அல்லது சேர்த்து எழுதிய பெயர் வேறொருவரிடம் போய்விட்டதால் இடையில் செருகப்பட்டதா?

பேச வசதியாக, ஹைஃபன் இல்லாமல் சேர்த்து எழுதியதை ஒட்டு வடிவம் என்றும், ஹைஃபன் உள்ளதைக் கோட்டு வடிவம் என்றும் வைத்துக்கொள்வோம்.

ஹைஃபன் எங்கிருந்து வந்தது

கோகோ-கோலா, மெர்சிடிஸ்-பென்ஸ், ரோல்ஸ்-ராய்ஸ், ஹார்லி-டேவிட்சன், டி-மொபைல் ஆகிய நிறுவனங்கள் தங்கள் டாட் காம் முகவரியில் ஹைஃபனை வைத்தே நடத்துகின்றன. பெயரிலேயே அது இருப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் இவை வணிகப் பெயர்கள், கைமாற்றும் சரக்கு அல்ல. இந்த வகையில் நாம் தொடக்கூடியவை அகராதியிலேயே ஹைஃபனோடு நிற்கும் பொதுச்சொற்கள்தான்: ஆங்கிலத்தில் எக்ஸ்-ரே, டி-ஷர்ட், செக்-இன், ஆட்-ஆன், ஈ-பைக் போன்றவை. வாங்குபவருக்கு இங்கே விளக்கம் தேவைப்படாது. கோட்டு வடிவங்களில் மேல்தட்டு இதுதான்.

அடுத்தது, பொருளைக் காப்பாற்ற வந்த ஹைஃபன். ஆங்கிலத்தில் கோ-ஆப் என்றால் கூட்டுறவு. அதே நாலு எழுத்தைச் சேர்த்து எழுதினால் 'கூப்', கோழிக்கூடு. எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற தொழில்நுட்பக் கேள்வி-பதில் தளம் முதலில் ஒட்டு வடிவத்தில் இருந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் நடுவில் 'செக்ஸ் சேஞ்ச்' என்று வேறு பொருள் வந்ததால், ஹைஃபன் போட்ட முகவரிக்கு மாறியது. ஜெர்மனில் இன்னும் அழகான உதாரணம் உண்டு. 'ஸ்டவ்' என்றால் தேக்கம், 'பெக்கன்' என்றால் தொட்டி. இரண்டும் சேர்ந்தால் நீர்த்தேக்கம். அதே எழுத்துகளை ஒரு எழுத்து தள்ளிப் பிரித்தால் 'ஸ்டவ்ப்', 'எக்கன்', அதாவது தூசி மூலைகள். இப்படிப்பட்ட இடத்தில் ஹைஃபன் பெயரின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. அதற்கேற்ப நல்ல விலை கேட்கலாம்.

மூன்றாவது, செருகிய ஹைஃபன். 'சீப்-ஃப்ளைட்ஸ்', 'பெஸ்ட்-லாயர்' மாதிரி இரண்டு சாதாரணச் சொற்கள். ஒட்டு வடிவம் எப்போதோ போய்விட்டது, மிஞ்சியதைப் பிடித்திருக்கிறார்கள். சந்தையில் குவிந்து கிடப்பதில் பெரும்பாலானவை இந்த ரகம். இனி வரும் கணக்கெல்லாம் முக்கியமாக இவற்றுக்குத்தான்.

ஓரமாக ஒரு சிறு வகையும் உண்டு: ஒரு எழுத்து, ஹைஃபன், ஒரு எழுத்து என்று மூன்றே இடமுள்ள டாட் காம். இவற்றை எண்ணிக்கை குறைவு என்பதற்காகவே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கான விலையை அதே ரகத்தின் சமீப விற்பனையோடு மட்டும் ஒப்பிடுங்கள். கீழே உள்ள முறை அதற்குப் பொருந்தாது.

இரண்டு ஹைஃபன் இருந்தால் விலை பாதிக்கும் கீழே போகும். மூன்று இருந்தால் மறுவிற்பனை என்ற பேச்சே வேண்டாம். மோசடி மின்னஞ்சல்களில் வரும் போலி வங்கி முகவரிகள் அப்படித்தான் இருக்கும், பார்ப்பவரின் கை தானாகவே பின்வாங்கும்.

ஒட்டு வடிவத்தைத் திறந்து பாருங்கள்

விலை சொல்லும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஒட்டு வடிவத்தை உலாவியில் தட்டுங்கள். நாலில் ஒன்று நடக்கும்.

அதே துறையில் நடக்கும் ஒரு நிறுவனம் திறந்தால், புதியவர்கள் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். 'இவ்வளவு பெரிய கம்பெனி அந்தப் பெயரில் இருக்கிறதே, என்னுடையதும் விலை போகும்' என்ற நினைப்பு. நடப்பது நேர் எதிர். அந்தக் கோட்டு வடிவத்தை வேறு எவர் வாங்கினாலும், அவருடைய விளம்பரத்தைப் பார்த்தவர்களில் ஒரு பகுதி ஹைஃபனை மறந்து போட்டியாளரின் கடைக்குள் நுழைவார்கள். வழக்கு அபாயமும் கூடவே வரும். நியாயமான வாங்குபவர் என்று மிஞ்சுவது அந்த நிறுவனம் ஒன்றுதான். அதற்கும் அவசரம் இல்லை. விலையைக் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று வையுங்கள்.

'விற்பனைக்கு' என்ற பலகையும் விலையும் தெரிந்தால், அந்த விலைதான் உங்கள் கூரை. ஒட்டு வடிவம் 2,500 டாலருக்குக் கிடைக்கும்போது கோட்டு வடிவத்துக்கு யாரும் 1,000 தரமாட்டார்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்து அதையே வாங்குவார்கள். அதே ஒட்டு வடிவத்துக்கு 1,50,000 டாலர் கேட்கிறார்கள் என்றால் கதை வேறு. அந்தப் பணம் இல்லாத சிறு தொழில்காரர்கள்தான் உங்கள் சந்தை.

ஒன்றும் திறக்கவில்லை, ஆனால் பெயர் பதிவாகியிருக்கிறது, விற்பனைக்கும் இல்லை என்றால் கோட்டு வடிவத்துக்கு இதைவிட நல்ல நிலை கிடையாது. யாராலும் வாங்க முடியாத, யாரோடும் போட்டியிடாத ஒட்டு வடிவம் அது.

நாலாவது, ஒட்டு வடிவம் பதிவுக்குக் காலியாகவே இருக்கிறது. அப்படியானால் உங்கள் கையில் இருப்பதற்கு மதிப்பே இல்லை. நம்ப முடியாத அளவுக்கு இது நடக்கிறது, ஏலத்தில் பரபரப்பாகக் கை தூக்குபவர்கள் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்வதில்லை.

ஒட்டு வடிவம் எப்போது காலாவதி ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டாட் காமில் காலாவதிக்குப் பின் ரெஜிஸ்ட்ரார், அதாவது பெயரைப் பதிந்து தரும் நிறுவனம், வைத்திருக்கும் சலுகைக் காலம் 45 நாள் வரை போகும். பிறகு 30 நாள் மீட்புக் காலம். கடைசியாக 5 நாள் நீக்கக் காத்திருப்பு. ஒட்டு வடிவம் அந்த வரிசையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கோட்டு வடிவத்தை வாங்குவது காசைக் கரைப்பது.

காதும் விரலும்

தொலைபேசியில் முகவரி சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் பேசுபவர் சிலர் 'ஹைஃபன்' என்பார், சிலர் 'டாஷ்' என்பார். ஜெர்மனியில் 'மினுஸ்' என்றும் 'பிண்டஷ்ட்ரிஷ்' என்றும் சொல்வார்கள். கேட்பவர் எதை எழுதினார் என்று உறுதியில்லை. சிலர் அண்டர்ஸ்கோர் போடுவார்கள். டொமைன் பெயரில் அதற்கு இடமே கிடையாது.

கைபேசியில் எழுத்து விசைப்பலகையில் ஹைஃபன் இருக்காது, எண் பக்கத்துக்கு மாற வேண்டும். இதனால்தான் முகவரியை நேரடியாகத் தட்டி வருபவர்கள் கோட்டு வடிவத்துக்கு அனேகமாக இல்லை. விளம்பரம் மட்டும் காட்டும் பார்க்கிங் பக்கம் போட்டு வருமானம் பார்க்கலாம் என்ற கணக்கும் அதனால் தேறாது. இன்ஸ்டாகிராமும் எக்ஸும் பயனர் பெயரில் ஹைஃபனை ஏற்பதில்லை. ஹேஷ்டேக் ஹைஃபன் வந்த இடத்தில் அறுந்துவிடும். ஒரு புதிய பிராண்டுக்குப் பெயர் தேடுபவர் இதையெல்லாம் பார்த்துத்தான் ஒதுங்குகிறார். எனவே பிராண்ட் பெயராகக் கற்பனை செய்து விலை போடாதீர்கள். என்ன தொழில், எந்த ஊர் என்பதைச் சொல்லும் விவரணைப் பெயராக மட்டும் விலை போடுங்கள்.

அச்சில் இன்னொரு சிக்கல். எழுத்துச் செயலிகள் சில நேரம் ஹைஃபனைத் தானாகவே நீண்ட கோடாக மாற்றிவிடும். அதை அப்படியே வெட்டி ஒட்டினால் முகவரி வேலை செய்யாது. முகவரி வரியின் ஓரத்தில் ஹைஃபனில் உடைந்து அடுத்த வரிக்குப் போனால், சொல்லை மடக்க அச்சகம் போட்ட கோடா, முகவரியின் பகுதியா என்று படிப்பவருக்குப் புரியாது.

எல்லாவற்றையும்விட மோசமானது மின்னஞ்சல் கசிவு. வாடிக்கையாளர் ஹைஃபனை விட்டுவிட்டு அனுப்பிய விலைப்பட்டியலும் ஒப்பந்தமும் ஒட்டு வடிவத்தின் உரிமையாளரின் பெட்டிக்குப் போய்ச் சேரும். விவரம் தெரிந்த வாங்குபவர் முதலில் கேட்பது இதைத்தான். ஒட்டு வடிவத்துக்கு மின்னஞ்சல் பதிவு, அதாவது எம்எக்ஸ் பதிவு, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கடிதம் பெரும்பாலும் அனுப்பியவருக்கே திரும்பும். அது உங்கள் பக்கம் ஒரு வாதம்.

ஹைஃபனுக்கு ஆதரவான ஒரே உடல்ரீதியான காரணம் கண். வண்டியின் பக்கவாட்டிலோ கடைப் பலகையிலோ மூன்று நீளச் சொல்லைச் சேர்த்து எழுதினால் படிக்க முடியாது. அங்கே கோடு உதவுகிறது.

டாட் காமும் டாட் டிஇயும் ஒரே சந்தை அல்ல

ஹைஃபன் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்து எழுதியது. 15 கோடிக்கு மேல் பெயர்கள் பதிவான டாட் காமில் அந்த அறிவுரை சரி: செருகிய ஹைஃபன் பெரிய குறை. அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜெர்மனியின் டாட் டிஇயைப் பார்த்தால் தப்பாகப் போகும்.

ஜெர்மன் மொழி சொற்களை ரயில்பெட்டி போலக் கோத்துக்கொண்டே போகும். கோத்த பிறகு எங்கே பிரிப்பது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே அன்றாடச் சிக்கல். பேச்சிலும் எழுத்திலும் தெளிவுக்காக ஹைஃபன் போடுவது அவர்களுக்குப் பழகிய வழக்கம். மருந்துக்கடைகளில் கிடைக்கும் அபொடேகன் உம்ஷவ் இதழ், மைன் ஷேனர் கார்டன் என்ற தோட்டக்கலை இதழ், ஆட்டோ மோட்டார் உண்ட் ஸ்போர்ட் எனப் பலரும் அறிந்த இதழ்களின் தளங்கள் சொற்களுக்கு இடையே ஹைஃபனோடுதான் இருக்கின்றன. டி-ஆன்லைன் அந்த நாட்டின் பெரிய தளங்களில் ஒன்று. ஆகவே அங்கே ஒரு சிறு தொழில்காரரிடம் கோட்டு வடிவத்தைக் காட்டினால் அவர் முகம் சுளிப்பதில்லை.

ஆனாலும் ஒட்டியதற்கு உள்ள மேல்கை அங்கும் உண்டு. ஈபே க்ளைன்அன்சைகன் என்ற விளம்பரத் தளம் பல வருடம் ஹைஃபன் உள்ள முகவரியில் ஓடி, 2023இல் பெயரைச் சுருக்கியபோது ஒற்றைச் சொல் முகவரிக்குப் போய்விட்டது. கையில் வாய்ப்பிருப்பவர் கோட்டை விட்டுவிடுகிறார்.

டாட் டிஇயில் கவனிக்க வேண்டிய தனிச் சிக்கல் உம்லவுட், அதாவது மேலே இரண்டு புள்ளி போட்ட எழுத்துகள். 2004 முதல் அவற்றை நேரடியாகப் பதியலாம். கோல்ன் நகரத்தின் பெயரில் வரும் 'ஓ'வை இரண்டு புள்ளியோடு ஒரே எழுத்தாகவும் எழுதலாம், 'ஓ', 'ஈ' என இரண்டு லத்தீன் எழுத்தாகவும் எழுதலாம். 'வீடு மாற்றுதல்' என்ற சொல்லோடு இந்த ஊரைச் சேர்த்தால் ஒட்டு இரண்டு, கோட்டு இரண்டு என நாலு முகவரி. உங்களிடம் இருப்பது நாலில் ஒன்று. புள்ளி இல்லாத பழைய எழுத்துமுறைக்கே வாங்குபவர் அதிகம், மின்னஞ்சலில் தொல்லை வராது என்பதால்.

இந்தியாவின் டாட் இன், அமெரிக்கப் பழக்கத்தையே பின்பற்றுகிறது. ஹைஃபனுக்கு அங்கே தனி மரியாதை கிடையாது.

2012க்கு முந்தைய விலைகளை மறந்துவிடுங்கள்

ஒரு காலத்தில் தேடுசொல் அப்படியே டொமைனாக இருந்தால் கூகுளில் மேலே வர அது உதவியது. ஹைஃபனைச் சொற்களுக்கு இடையேயான இடைவெளியாகக் கூகுள் படிக்கும் என்பதால் கோட்டு வடிவங்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. வேகமாக விலை போயின. 2012 செப்டம்பர் 28 அன்று, தேடுசொல்லை அப்படியே பெயராக வைத்த தரமற்ற தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தைக் கூகுளின் மேட் கட்ஸ் அறிவித்தார். அதோடு அந்த வியாபாரம் முடிந்தது. பழைய விற்பனைப் பட்டியலில் 2008, 2010 என்று போட்ட பெரிய தொகைகளைக் காட்டி இன்று விலை கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ஒப்பிட்டால் கடைசி மூன்று, நாலு வருட விற்பனையோடு ஒப்பிடுங்கள்.

அந்தக் காலத்தின் இன்னொரு மிச்சமும் உண்டு. பல கோட்டு வடிவங்கள் குப்பை இணைப்புகளை வாங்கிக் குவித்து, தேடலில் பெயர் கெட்டுப்போனவை. எனவே பழைய பெயர் என்றால் அதன் வரலாற்றைத் தோண்ட வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் வருடத்துக்கு ஒரு படமாவது திறந்து பாருங்கள்: சூதாட்டம், மருந்து விற்பனை, சம்பந்தமில்லாத மொழியில் பக்கங்கள் இருந்தால் ஒதுங்குங்கள். ஸ்பாம்ஹவுஸ் தடைப்பட்டியலிலும் கூகுளின் பாதுகாப்பு உலாவல் பரிசோதனையிலும் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஏஹெச்ரெஃப்ஸ் அல்லது மெஜஸ்டிக் கருவியில் அந்தப் பெயருக்கு மற்ற தளங்கள் தரும் இணைப்புகளைப் பார்க்கும்போது எண்ணிக்கையைவிட இணைப்பு வைத்த சொற்களே முக்கியம். ஒரே வாக்கியம் நூற்றுக்கணக்கான தளங்களில் அச்சுப் பிசகாமல் இருந்தால் அது விலைக்கு வாங்கியது. பதிவுத் தேதியை ஆர்டிஏபி என்ற பதிவு விவரத் தேடலில் பாருங்கள், டாட் காம் போன்ற பொதுப் பெயர்வெளிகளில் 2025 ஜனவரி முதல் பழைய ஹூயிஸுக்குப் பதில் அதுதான் அதிகாரபூர்வம். விற்பவர் 'இருபது வருடப் பழைய பெயர்' என்பார், நடுவில் விழுந்து மீண்டும் பதிவாகியிருந்தால் தேதி அதைக் காட்டிக்கொடுக்கும்.

வணிகப் பெயரின் பக்கம் போகாதீர்கள்

ஹைஃபன் போட்டால் வேறு பெயராகிவிடும் என்ற எண்ணம் ஆபத்தானது. 1999இல், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு ஏற்ற யூடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் விதிமுறையில் முறையிடுபவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் தன் வணிகக்குறியைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தில் பதிந்து பயன்படுத்துகிறார். ஒரு ஹைஃபனைக் கூட்டுவதோ கழிப்பதோ முதல் சோதனையிலிருந்து தப்ப வைக்காது என்பது நடுவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் நிலைப்பாடு. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் முன் ஐந்து பெயர் வரை முறையிட 1,500 டாலர் கட்டணம். இதைவிட அதிக விலை கேட்டால், வாங்குவதைவிட முறையிடுவதே அவர்களுக்கு மலிவு. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை நட்டஈடு விதிக்க இடமுண்டு. டாட் டிஇக்கு யூடிஆர்பி இல்லை; அங்கே நேராக நீதிமன்றம். டாட் டிஇ பதிவேட்டை நடத்தும் டெனிக்கிடம் தகராறுப் பதிவு ஒன்று போட்டுவிட்டால் பெயரை மூன்றாமவருக்கு மாற்ற முடியாது. டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்ற தனி நடைமுறை உண்டு.

பொதுச்சொல்லும் ஊர்ப்பெயரும் சேர்ந்தவை பொதுவாகப் பாதுகாப்பானவை. பொதுச்சொல்லை டொமைனாக வைப்பது தன்னளவில் தவறல்ல என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2001இலேயே சொல்லியிருக்கிறது.

விற்பனைப் பட்டியலைப் படிக்கும் விதம்

நடந்த டொமைன் விற்பனைகளைத் திரட்டும் நேம்பயோ தளத்தில் அதே சொல்லின் ஒட்டு விற்பனைகளையும் கோட்டு விற்பனைகளையும் தனித்தனியாக எடுங்கள். சராசரி வேண்டாம்; ஒரே ஒரு பெரிய விற்பனை அதைத் தூக்கிவிடும். வரிசையாக அடுக்கி நடுவில் வரும் விலையை எடுங்கள். அந்தப் பட்டியலில் விற்றவை மட்டுமே இருக்கின்றன, விற்காமல் கைவிடப்பட்டவை எங்கும் பதிவாவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். கோட்டு வடிவத்தில் இந்த மறைந்த பகுதி மிகப் பெரியது.

கோடாடி, எஸ்டிபாட் போன்ற தானியங்கி மதிப்பீடு காட்டும் தொகையை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேடல் எண்ணிக்கை, விளம்பரக் கட்டணம் போன்றவற்றிலிருந்து வரும் தொகை அது. காதில் விழும் குழப்பம், மின்னஞ்சல் கசிவு, ஒட்டு வடிவத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இன்னொன்று: காலாவதி டொமைன்களைத் தேடும் தளங்களில் 'ஹைஃபன் வேண்டாம்' என்று ஒரு கட்டம் இருக்கும். வியாபாரிகள் பலர் அதைத் தட்டிவிட்டுத்தான் தேடவே தொடங்குகிறார்கள். உங்கள் பெயர் அவர்கள் கண்ணிலேயே படாது. வியாபாரியிடமிருந்து வியாபாரிக்கு என்ற மொத்த விலை கோட்டு வடிவத்துக்கு இவ்வளவு தாழ்ந்து கிடக்கக் காரணம் இதுதான். அவசரத்துக்குக் காசாக்க முடியாது. கடைசிப் பயனாளி ஒருவர் வந்தால் உண்டு.

கணக்கு

கைக்கணக்காக இப்படித் தொடங்கலாம். இவை எங்கள் மதிப்பீடு. உங்கள் ஒப்பீட்டு விற்பனைகள் வேறு சொன்னால் அதை நம்புங்கள். செருகிய ஹைஃபன் உள்ள டாட் காமுக்கு, ஒட்டு வடிவத்தின் சில்லறை விலையில் 5 சதவீதம். டாட் டிஇயில் 25 சதவீதம். சொல்லோடு பிறந்த ஹைஃபனுக்கு இரண்டிலும் ஒட்டு வடிவ விலையில் பாதி.

ஒரு டாட் காம் எடுத்துக்கொள்வோம். ஒட்டு வடிவம் போன்றவற்றின் நடு விலை 4,000 டாலர் என்றால் தொடக்கம் 200. ஒட்டு வடிவம் பயன்படாமல், விற்பனைக்கும் இல்லாமல் இருந்தால் ஒன்றரை மடங்கு: 300. அந்தத் தேடுசொல்லுக்குக் கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் செய்யும் தனித்தனி நிறுவனங்களை எண்ணுங்கள். இருபதுக்கு மேல் இருந்தால் இன்னொரு ஒன்றரை மடங்கு: 450. ஐந்துக்குக் கீழ் என்றால் விலையே போட வேண்டாம், விட்டுவிடுங்கள். 450 என்பது கடைசிப் பயனாளி தரும் விலை. வாங்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 45 டாலருக்கு மேல், கொடுக்காதீர்கள்.

முன்பு சொன்ன கோல்ன் வீடு மாற்றும் பெயருக்கு வருவோம். ஒட்டு வடிவத்தின் விலை 6,000 யூரோ என்று வைத்தால் தொடக்கம் 1,500. நாலு முகவரிச் சிக்கலுக்காக ஐந்தில் ஒன்று கழித்தால் 1,200. ஊரில் வீடு மாற்றும் நிறுவனங்கள் நிறைய, எனவே மேற்கொண்டு கழிக்க வேண்டியதில்லை. 1,450 என்று விலை போட்டு 1,000 வரை இறங்கலாம். வாங்கும்போது 120 யூரோவோடு நிறுத்துங்கள்.

இப்போது வைத்திருக்கும் செலவு. டாட் காம் ஒன்றைப் புதுப்பிக்க வருடத்துக்கு 11 டாலர் என்றால் 100 பெயருக்கு 1,100. 450க்கு விற்று, தளத்தின் கமிஷன் 20 சதவீதம் போனால் கையில் 360. புதுப்பிப்புச் செலவு மட்டும் திரும்ப வரவே வருடத்துக்கு மூன்றுக்கும் சற்று மேல் விற்க வேண்டும். நல்ல ஒட்டு வடிவ டாட் காம்களே நூற்றில் ஒன்றிரண்டுதான் வருடத்துக்கு விற்கும் என்பது தொழிலில் சொல்லும் வழக்கமான கணக்கு. ஆக, கோட்டு வடிவத்தை நூறு நூறாகச் சேர்ப்பவர் நட்டப்படுவது கணக்கிலேயே எழுதியிருக்கிறது. எல்லாச் சோதனையும் தாண்டிய பத்துப் பெயர், அதற்கு மேல் வேண்டாம்.

விற்கும்போது

செடோ, ஆஃப்டர்னிக் என்ற டொமைன் விற்பனைத் தளங்கள் இரண்டிலும் பட்டியலிடுங்கள். டாட் டிஇ என்றால் கோல்னைத் தலைமையிடமாகக் கொண்ட செடோவுக்கு முதலிடம். 'விலை கேளுங்கள்' என்று விடாமல் தொகையைப் போட்டுவிடுங்கள். கோட்டு வடிவத்தை வாங்கும் சிறு தொழில்காரர் பேரம் பேசக் காத்திருக்கமாட்டார், வேறு பெயருக்குப் போய்விடுவார். நீங்களாகக் கடிதம் எழுதினால், நீண்ட, எண் கலந்த, அல்லது இலவசத் தள முகவரியில் தொழில் நடத்துபவர்களுக்கு எழுதுங்கள். அதே பெயரில் வணிகக்குறி வைத்திருப்பவருக்கு ஒருபோதும் எழுதாதீர்கள். அடக்கச் செலவைவிடக் கூடுதலாக அவரிடம் விலை கேட்ட அந்தக் கடிதமே யூடிஆர்பியில் கெட்ட நோக்கத்துக்குச் சான்றாகும். பணம் எஸ்க்ரோ, அதாவது பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் மூன்றாம் தரப்பு, வழியாக வரட்டும். அதன் பிறகே டொமைனை வாங்குபவருக்கு மாற்ற உதவும் குறியீடு. டாட் காம் பதிவாகி 60 நாள் ஆகாமல் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாமல் போகலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்து டொமைன்கள்

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகியவற்றில் தமிழ் எழுத்திலேயே பெயர் பதியலாம். கணினி உள்ளே அதை 'எக்ஸ்என்' என்ற எழுத்துகளும் இரண்டு ஹைஃபனும் முன்னே வரும் லத்தீன் சரமாக மாற்றிக்கொள்ளும். அந்த இரண்டு ஹைஃபன் குறியீட்டு முறையின் அடையாளம். அதனால்தான் சாதாரணப் பெயர்களில் மூன்றாம், நாலாம் இடங்களில் சேர்ந்தாற்போல் ஹைஃபன் போட அனுமதியில்லை. பட்டியல் தளங்களில் தமிழ்ப் பெயரை 'ஹைஃபன் உள்ளது' என்று காட்டினால் குழம்ப வேண்டாம். தமிழ்ப் பெயரின் நடுவில் நீங்களே ஒரு ஹைஃபன் போட்டால், உள் சரத்தில் நாலு ஹைஃபன் வரிசையாக நிற்கும். சில மின்னஞ்சல் செயலிகளும் உலாவிகளும் இந்தச் சரத்தையே அப்படியே காட்டும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து மிரள்வார்.

இதோடு ஒற்று மிகுவதும் சேர்ந்துகொள்கிறது. புத்தகக்கடை, புத்தககடை, புத்தகக்-கடை, புத்தக-கடை என ஒரே கடைக்கு நாலு எழுத்து. எது சரி என்று தெரிந்தவரும் எதைத் தட்டுவார் என்று சொல்ல முடியாது. சொந்தத் தொழிலுக்கு வேண்டுமானால் ஒற்றோடு சேர்ந்த சரியான வடிவத்தை எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஒற்று விட்டதையும் பதிந்துவையுங்கள். மறுவிற்பனைக்காக ஹைஃபன் போட்ட தமிழ் எழுத்து டொமைனை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வைத்திருக்கும் கோட்டு வடிவங்களுக்கு, புதுப்பிப்புத் தேதிக்கு 40 நாள் முன்பு ஒரு நினைவூட்டல் போடுங்கள். அன்று ஒட்டு வடிவத்தைத் திறந்து பார்த்து, விளம்பரதாரர்களை மறுபடி எண்ணி, கடந்த ஒரு வருடத்தில் வந்த விசாரிப்புகளைப் பாருங்கள். இரண்டு வருடமாக ஒரு விசாரிப்புகூட வராத பெயருக்குக் கேட்ட விலையைப் பாதியாக்கி அந்த 40 நாளும் பட்டியலில் விடுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள்.